அந்தோணியாருக்கு ஒரு படி உப்பு

பாம்பன்
2.5.2023

என் மகள் ரெஜினாவுக்கும், இந்தக் கடிதத்தை அவளுக்கு முன்னால் பிரித்துப் படிக்கப்போகும் மதர் அம்மாவுக்கும் சவேரியார் எழுதுவது.

மதர் அம்மா மன்னிக்க வேண்டும். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கும். புரியாத இடத்தில் நல்லதாக ஏதாவது எழுதியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கின்றன. நாட்டுப்படகில் வரும் கொஞ்சம் மீனுக்கு நாற்பது வியாபாரிகள் கையேந்தி நிற்கிறோம். என் சைக்கிள் சுவரில் சாய்ந்தபடி என்னைப் பார்க்கிறது, நான் அதைப் பார்க்கிறேன். உச்சிப்புளிப் பக்கத்துப் பெண்கள் என் ஹாரன் சத்தம் இல்லாமல் எப்போது உலை வைப்பது என்று தெரியாமல் தவிக்கிறார்களாம். சொன்னது நான்தான், அவர்கள் இல்லை.

உன் அம்மாவை மதுரைக்கு மறு சோதனைக்குக் கூட்டிப்போனேன். ஆபரேஷன் செய்த இடம் நன்றாக ஆறிவிட்டது, கட்டி திரும்ப வரவில்லை என்றார் டாக்டர். புஷ்பமேரி இப்போது என்னைத் திட்டும் அளவுக்குத் தேறிவிட்டாள். அவள் திட்டுவதை அப்படியே எழுதினால் மதர் அம்மா காதைப் பொத்திக்கொள்வார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் பதின்மூன்று, அந்தோணியார் திருநாள் அன்று உனக்குத் துறவற உடுப்புக் கொடுக்கிறார்கள் என்று பங்குச் சாமியார் சொன்னார். அதன் பிறகு ஒரு வருஷம் உன்னைப் பார்க்க முடியாது, கடிதமும் கிடையாதாம். ஏன் தாயி? ஜெபமாலையில் இரண்டாவது பத்திலேயே தூங்கி விழுகிற பிள்ளை நீ. மண்டபத்து கம்ப்யூட்டர் கடை வேலையை விட்டுவிட்டு, அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பத்தாம் நாள் பையைத் தூக்கினாய். காரணம் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்க அந்தப் பையைப் பிடித்து இழுத்தேன். பையின் காது அறுந்துபோனது. அறுந்த காது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

மே இருபத்தொன்று, ஞாயிறு, மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை பார்வை நேரம் என்று உங்கள் சீட்டில் போட்டிருக்கிறது. அதுதான் கடைசியாம். நான் வருகிறேன்.

உன் அய்யா
சவேரியார்


மலையடிவார மடம்
8.5.2023

அய்யாவுக்கு,

இந்தக் கடிதத்தை மதர் படிக்கவில்லை. கேட்டில் இருக்கும் பூமயிலக்கா தன் பையில் வைத்து எடுத்துப்போய்த் தபாலில் போடுவார். பதிலும் அவர் வீட்டு விலாசத்துக்கே எழுதுங்கள். கீழே கொடுத்திருக்கிறேன்.

காரணம் கேட்டீர்கள். காரணம் நீங்கள்தான்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரே பேச்சு. சாப்பிட அடம்பிடித்தால், புதுச் சட்டை கேட்டால், கல்யாண வீட்டில் நாலு பேர் கூடினால் அதே பேச்சு. "இவ எம்புள்ள இல்லப்பா, அந்தோணியார் புள்ள. காய்ச்சல்ல குருசடியில குடுத்தோம், உப்பு வச்சு மீட்க மறந்துட்டேன். சும்மா வளத்துக்கிட்டு இருக்கேன், என்னைக்கி வந்து கேப்பாரோ." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

போன வருஷம் அம்மாவின் மார்பில் கட்டி என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக மீட்காத பிள்ளையை வீட்டில் வைத்திருக்கிறோம், அதற்குப் பதில் ஆள் கேட்கிறார் என்று தோன்றியது. ஆபரேஷனுக்கு முந்தின செவ்வாய் அந்தோணியார் குருசடியில், சிலுவைக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். அம்மாவை விட்டுவிடும், நான் வந்துவிடுகிறேன் என்றேன். அம்மா பிழைத்துவிட்டாள்.

நான் இங்கே சந்தோஷமாக இருக்கிறேனா என்று கேட்காதீர்கள். காலையில் எழும்போது கடல் சத்தம் கேட்காமல் எங்கே இருக்கிறேன் என்று ஒரு நிமிஷம் தெரிவதில்லை. ஆனால் நான் வெளியே வந்தால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும். அதனால் வராதீர்கள். உங்களைப் பார்த்தால் நான் கேட்டைத் தாண்டிவிடுவேன்.

ரெஜினா


பாம்பன்
12.5.2023

தாயி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அம்மாவுக்குப் படித்துக்காட்டவில்லை. என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டாள். சோறு நன்றாகப் போடுகிறார்களாம் என்றேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். நான் உன்னை மீட்டேன்.

உனக்குப் பதினோரு மாதம். மூளைக்காய்ச்சல். உன் அம்மாவும் அதே காய்ச்சலில் ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் ஒற்றை ஆளாக உன்னைத் தூக்கிப்போய்க் குருசடிப் படியில் கிடத்தி, இனிமேல் இவள் உம்முடைய பிள்ளை, காப்பாற்றும் என்றேன். நம் ஊர் வழக்கம் உனக்கே தெரியும். பிள்ளை பிழைத்தால் அடுத்த செவ்வாய் ஒரு படி கல்லுப்பு வைத்து மீட்டுக்கொள்ள வேண்டும். மீட்கப் போகிறவன் வண்டி ஏறக்கூடாது, சொந்தக் காலில் போக வேண்டும். நான் நடந்து போனேன். தலை தட்டிச் சரியாக ஒரு படி உப்பு வைத்தேன். குருசடியைப் பார்த்துக்கொண்டிருந்த பழைய கோயில்பிள்ளை உன்னை எடுத்து என் கையில் கொடுத்தார். நீ உடனே என் சட்டையை நனைத்தாய். அந்தோணியார் ரசீது கொடுத்துவிட்டார் என்று கோயில்பிள்ளை சிரித்தார்.

மறந்துவிட்டேன் என்றது கிண்டல். நாலு வயதில் நீ சோறு உண்ண மாட்டாய். ஒரு நாள் சும்மா சொல்லிப் பார்த்தேன். ஒரே மூச்சில் தட்டைக் காலி செய்தாய். ஒரு தடவை பலித்த கிண்டலை விடுகிற ஆளா நான்?

கோயில்பிள்ளை செத்துப் பத்து வருஷமாகிறது. உன் அம்மா அன்றைக்கு ஊரில் இல்லை. பார்த்தவர்கள் யாரும் இல்லை. ஆனால் சத்தியமாக மீட்டேன். கையை எதில் வைத்துச் சொல்ல வேண்டுமோ அதில் வைக்கிறேன். வீட்டுக்கு வா.

சவேரியார்


மடம்
16.5.2023

அய்யா,

நம்புவதற்கு எனக்கும் ஆசைதான்.

வியாபாரத்தில் நீங்கள் ஒரு பொய் சொன்னதில்லை. முந்தின நாள் மீனை முந்தின நாள் மீன் என்றே சொல்லி விற்பீர்கள். வீட்டில்தான் எது நிஜம் என்று எங்களுக்குத் தெரியாது. சல்யூட் அடித்தால் பாலத்தில் ரயில் நிற்கும் என்றீர்கள். ஒரு வருஷம் அடித்தேன். அம்மா கட்டியைத் தொட்டுக்காட்டியபோது, "அது ஒன் திமிருடி, உருண்டு திரண்டிருக்கு" என்றீர்கள். அம்மாவும் சிரித்தாள். மூன்று மாதம் சிரித்தோம். அந்த மூன்று மாதம் டாக்டரிடம் போகவில்லை.

இப்போது என்னை வெளியே கொண்டுவர எதையும் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் மறந்துவிட்டேன் என்றீர்கள், இப்போது மறக்கவில்லை என்கிறீர்கள். நான் எதை நம்பி அம்மாவின் உயிரை வைப்பது?

வராதீர்கள்.

ரெஜினா


உசிலம்பட்டி
22.5.2023

தாயி ரெஜினாவுக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். படித்தேன். அந்த மூன்று மாதம் வந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். மறுபடியும் காற்று அடித்தேன். டயர் கல் மாதிரி ஆகிவிட்டது.

யோசித்தது இதுதான். நீ நம்பாவிட்டால் போகட்டும், இன்னொரு தடவை மீட்டுவிடுகிறேன். நீ இருக்கும் இடம்தானே இப்போது அவர் வீடு. ஒரு படி கல்லுப்பை மஞ்சள் பையில் கட்டினேன். நடந்து வர என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. சைக்கிளில் போகலாமா என்று இப்போதைய கோயில்பிள்ளையிடம் கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்து, மிதிப்பது கால்தானே என்றார். நல்ல மனுஷன்.

வெள்ளிக்கிழமை மானாமதுரை. சனிக்கிழமை மதுரையைத் தாண்டிச் செக்கானூரணி. அதெல்லாம் தரை, நான் தினமும் மீனோடு மிதிக்கிற தரை மாதிரி. ஞாயிற்றுக்கிழமைதான் என்னை மிதித்தது.

பூசை பார்க்காமல் கிளம்பினால் அந்தோணியார் கோபிப்பார் என்று காலைப் பூசைக்கு நின்றேன். பிரசங்கம் ஒரு மணி நேரம். பொறுமையைப் பற்றி. கிளம்பும்போது ஒன்பதரை. மீதி ஐம்பது அறுபது கிலோமீட்டர். அதை நம் ஊரில் பதினொரு மணிக்குள் சுற்றிவந்து குளித்துவிடுவேன் என்று தெனாவெட்டாக வந்தேன்.

உசிலம்பட்டியில் ஒரு தெருவில் பழக்கத்தில் கை ஹாரனை அமுக்கிவிட்டது. மூன்று பெண்கள் சட்டியோடு வந்துவிட்டார்கள். ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினேன். உள்ளே என் வேட்டி, இரண்டு பாட்டில் தண்ணீர், உப்புப் பை. "மீனு எங்கய்யா?" என்றாள் ஒருத்தி. இன்றைக்கு நான்தான் மீன், வெயிலில் பாதி வெந்தும்விட்டேன் என்றேன். பாவம் என்று பாட்டிலை நிரப்பிக் கொடுத்தார்கள்.

அதற்கு அப்பால் மலை. மலை என்றால் பச்சையாக இருக்கும் என்று காலண்டரில் பார்த்திருக்கிறேன். இது வெயிலில் காயவைத்த திருக்கை மீன் முதுகு மாதிரி இருந்தது. புல் இல்லை. வேலிக்கருவை மரங்கள் நிற்கின்றன, கீழே நிழல் விழவில்லை. எனக்கு ஏற்றம் என்றால் பாம்பன் பாலம்தான். ஏறினால் இறங்கிவிடும், இரண்டு பக்கமும் கடல், எந்தக் கோபமும் இல்லை. இங்கே ஒரு வளைவு முடிந்தால் அதற்கு மேல் இன்னொரு வளைவு உட்கார்ந்திருக்கிறது.

பெரிய தப்பு ஒன்று செய்தேன். காற்று எதிரே அடித்தது. நம் கரையில் காலையில் ஒரு பக்கம் அடித்தால் மதியத்துக்கு மேல் திரும்பும். திரும்பட்டும், அது தள்ளிக்கொண்டு ஏறலாம் என்று ஒரு பாறை ஓரம் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். இந்த மலைக் காற்றுக்குத் திரும்பவே தெரியவில்லை தாயி. கணவாய்க்குள் நுழைந்து நேரே என் நெஞ்சுக்குத்தான் வந்தது. காத்திருந்ததில் தண்ணீரையும் குடித்துத் தீர்த்துவிட்டேன்.

மணி ஒன்றே முக்கால். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினேன். காலிப் பெட்டி வைத்த லாரி ஒன்று நின்றது. சைக்கிளோடு ஏறுங்கள், ஆண்டிபட்டியில் இறக்கிவிடுகிறேன் என்றார் டிரைவர். ஏறியிருந்தால் மூன்று மணிக்கு உன் முன்னால் நின்றிருப்பேன். உன் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்திருப்பேன். ஆனால் வண்டி ஏறினால் மீட்டது ஆகாதே. போங்க தம்பி என்று சொல்லிவிட்டேன். லாரி வளைவில் மறையும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கைதட்டிக் கூப்பிடலாமா என்று இரண்டு தடவை கையைத் தூக்கினேன்.

அடுத்த வளைவில் இரண்டு கெண்டைக்காலும் கயிறு முறுக்கின மாதிரி இழுத்துக்கொண்டன. சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வாந்தி வந்தது. வியர்வை நின்றுபோனது. அது நல்லதில்லை என்று எனக்குத் தெரியும், படகில் அப்படி ஒருவன் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். கண்ணில் மலை வெள்ளையாகத் தெரிந்தது. நான் இங்கே செத்தால் புஷ்பமேரிக்கு யார் சொல்வார்கள், நீ அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து உன் தலையில் போட்டுக்கொள்வாயே என்று நினைத்தேன். கத்த வாய் வரவில்லை. தவழ்ந்துபோய் ஹாரனை அமுக்கினேன். அமுக்கிக்கொண்டே கிடந்தேன்.

ஒரு பெண் வந்தாள். பெயர் ராக்கு. சரிவில் ஆடு மேய்க்கிறவள், என் வயது இருக்கும். சேலை முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"என்ன மீனுய்யா?" என்றாள்.

என் முகத்தைப் பார்த்ததும் முந்தானையை விட்டுவிட்டுத் தண்ணீர்க் குடத்தை எடுத்துவந்து தலையில் ஊற்றினாள். குடிக்கக் கொடுத்தாள். குடித்தது அப்படியே வெளியே வந்தது.

"வெறுந்தண்ணி நிக்காது. ஒரு கை உப்புப் போட்டுக் குடிச்சாப் பொழச்சுக்கிருவ. இந்த மலையில உப்புக்கு நான் எங்கிட்டுப் போவேன்?"

உப்பு என் தலைமாட்டில் இருந்தது. உன்னை மீட்கிற உப்பு அது என்று கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ராக்கு விசிறிக்கொண்டே யாராவது வருகிறார்களா என்று ரோட்டைப் பார்த்தாள். மறுபடி கால் இழுத்தது. அப்புறம் பெட்டியைக் காட்டினேன்.

அவள் பையை அவிழ்த்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இம்புட்டு உப்ப வச்சுக்கிட்டா சாகக் கெடந்த?"

ஒரு செம்புக்கு ஒரு கை என்று கரைத்துக் கொடுத்தாள். முதல் இரண்டு செம்பு நிற்கவில்லை. அவிழ்த்த அவசரத்தில் பை சாய்ந்து காற்றில் நிறையச் சிந்தியது. அதை மண்ணோடு அள்ள மனசு வரவில்லை. நாலாவது செம்பு நின்றது. எதற்கு இந்த உப்பு என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஆட்டை விட்டுவிட்டு உச்சி வரைக்கும் சைக்கிளைப் பின்னால் இருந்து தள்ளிவிட்டாள்.

இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்து பிடிக்கவில்லை. செருப்பை ரோட்டில் தேய்த்துத் தேய்த்து இறங்கினேன். ஒரு செருப்பு போய்விட்டது. மண் ரோட்டில் திரும்பும்போது உங்கள் மணி அடிக்கிற சத்தம் கேட்டது. இன்னும் நேரம் இருக்கிறது, அது நாலரை மணியாக இருக்கும் என்று எனக்கு நானே கிண்டல் பண்ணிக்கொண்டேன்.

கேட்டுக்கு வந்தபோது ஐந்து இருபது. ஐந்து மணிக்குப் பூட்டியாயிற்று, மௌன நேரம், காலை வரைக்கும் யாரும் பேச மாட்டார்கள் என்றார் பூமயில். மறுநாள் காலையில் பார்க்கலாமா என்றேன். பார்வை நாள் முடிந்துவிட்டது என்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஒரே ஒரு தடவை ஹாரன் அடித்தேன். தப்புத்தான்.

உப்பைப் பூமயிலிடம் கொடுத்திருக்கிறேன். அரைப் படிக்கும் குறைவு. அரைப் படிக்குப் பாதிப் பிள்ளையைக் கொடுப்பாரா என்று கேட்டுப் பார். மேல் பாதி போதும், திட்டுவதற்கு வாய் அதில்தான் இருக்கிறது.

மறுபடியும் கிண்டல் வந்துவிட்டது. அந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். வேறு விதமாக எழுத எனக்கு வரவில்லை தாயி.

சவேரியார்


மடம்
30.5.2023

அய்யா,

ஹாரன் சத்தம் எனக்குக் கேட்டது. கோயிலுக்குள் எட்டுப் பேர் முழங்காலில் இருந்தோம். பக்கத்தில் இருந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், இந்த மலையில் மீன்காரரா என்பது போல. நான் தலையைத் தூக்கவில்லை. உங்கள் ஹாரன் கடைசியில் ஒரு விக்கல் விக்கும். அதுவும் கேட்டது. மூன்று மணியிலிருந்து ஐந்து வரை ஜன்னல் பக்கமே நின்றிருந்தேன், வராதீர்கள் என்று எழுதிவிட்டு.

காலையில் பூமயிலக்கா உப்புப் பையைக் கொடுத்தார். நீங்கள் எழுதாத ஒன்றையும் சொன்னார். கேட்டுக்கு எதிரே மளிகைக்கடை திறந்துதான் இருந்ததாம். "அண்ணே, குறையுதுன்னா அங்கன ஒரு பாக்கெட் வாங்கி ரொப்பிக் குடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?" என்று சொன்னாராம். நீங்கள் கடையைப் பார்த்தீர்களாம். பிறகு சொன்னீர்களாம்:

"வேணாம்மா. இவகிட்ட ஒரு பொய் சொன்னதுக்கே இங்கன வந்து நிக்கிறேன். பாதிய நான் தின்னும் சிந்தியும் தீத்துட்டேன்னு சொல்லிக் குடு."

அந்தப் பையை மடியில் வைத்துப் பிரித்துப் பார்த்தேன். தண்ணீர் தீர்ந்த பிறகும் லாரியில் ஏறவில்லை. நாலு எட்டில் கடை இருந்தும் நிரப்பவில்லை. உப்பு விஷயத்தில் நீங்கள் இப்படிப்பட்ட ஆள் என்றால், அன்றைக்கும் தலை தட்டித்தான் வைத்திருப்பீர்கள். நம்புகிறேன்.

மதரிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன், பூமயிலக்கா தபால் போட்டது உட்பட. திட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தியை விடுவதற்கு இன்னொருத்தியைக் கேட்கிற கடவுளுக்கா நான் இத்தனை வருஷம் உழைக்கிறேன் என்று கேட்டார்கள். பயந்து வந்தவளுக்கு உடுப்புக் கொடுக்க மாட்டேன், வீட்டுக்குப் போ, ஆசைப்பட்டால் அப்புறம் வா என்றார்கள்.

ஆனால் அய்யா, துணிப் பையை இன்னும் கட்டவில்லை. நம்புவது வேறு, கேட்டைத் தாண்டுவது வேறு. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவளைப் பற்றி எனக்கு வரும் சேதியெல்லாம் உங்கள் பேனா வழியாகத்தான் வருகிறது. கட்டி திரும்ப வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள், அதற்கு அடுத்த வரியிலேயே சிரிக்க வைத்தீர்கள். அதனால் முதல் வரியையும் நான் நம்பவில்லை.

அம்மா எப்படி இருக்கிறாள்? கிண்டல் இல்லாமல் ஒரே ஒரு வரி எழுதுங்கள். அது வந்தால் ஜூன் பத்தாம் தேதி சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் பாம்பனில் இறங்குவேன். மீதி உப்பைக் கொண்டுவருகிறேன். செவ்வாய்க்கிழமை திருநாள் அன்று குருசடியில் நானே வைக்கிறேன். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

ரெஜினா


பாம்பன்
3.6.2023

ரெஜினா,

அம்மா நலமாக இருக்கிறாள்.

இந்த ஒரு வரிக்கு நாலு தாள் கிழித்தேன். உன் கடிதங்கள் எல்லாவற்றையும் அவளுக்குப் படித்துக்காட்டிவிட்டேன். அந்த மூன்று மாதம் பற்றி எழுதியதையும் விடவில்லை. கீழே இருப்பது அவள் கைநாட்டு. மதுரை டாக்டர் எழுதிய தாளையும் இதோடு வைத்திருக்கிறேன்.

சைக்கிளிலிருந்து ஐஸ் பெட்டியைக் கழற்றிவிட்டேன். கேரியரை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறேன். பத்தாம் தேதி பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். பையைப் பிடித்து இழுக்க மாட்டேன். நீயாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன்.

அய்யா